சாலையில் நிறுத்தி உடலைத் தட்டிப் பார்க்கும் போலீஸ்: அமெரிக்கச் சட்டம் எதுவரை அனுமதிக்கிறது? முழுமையான வழிகாட்டி

கையை காரின் மேல் வைக்கச் சொல்லி, காலை அகட்டச் சொல்லி, தோளில் தொடங்கிக் கணுக்கால் வரை போலீஸ்காரர் தட்டிக்கொண்டே போவதை நம்மில் பலர் படத்தில்தான் பார்த்திருப்போம். அதுவே நமக்கு நடக்கும்போது மனதில் எழும் முதல் கேள்வி: இதைச் செய்ய இவருக்கு அதிகாரம் இருக்கிறதா? சில நேரம் இருக்கிறது. அதுவும் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

பேட் டவுன், ஃபிரிஸ்க் என்று எந்தப் பெயரில் சொன்னாலும் விஷயம் ஒன்றுதான். உடைக்கு மேலாக உள்ளங்கையால் தட்டி, ஆயுதம் இருக்கிறதா என்று பார்ப்பது. சட்டைப்பைக்குள் கை விடுவதும் பர்ஸைத் திறப்பதும் இதில் சேராது. அது முழுச் சோதனை, அதற்குச் சட்டம் கேட்கும் காரணமும் பெரியது. இந்த வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மீதி தானாகப் பிடிபடும்.

எல்லாம் தொடங்கிய மதியம்

1963 அக்டோபர் 31. ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாண்ட் நகரம். மார்ட்டின் மெக்ஃபேடன் என்ற துப்பறிவாளர் சாதாரண உடையில் நின்றுகொண்டிருக்கிறார். 39 ஆண்டு போலீஸ் அனுபவம். அந்த வட்டாரத்தில் ஜேப்படிக்காரர்களையும் கடைத் திருடர்களையும் பிடிப்பதே 30 ஆண்டாக அவர் வேலை. ஜான் டெர்ரி, ரிச்சர்ட் சில்டன் என்ற இரண்டு பேர் மாறி மாறி நடந்துபோய், ஒரு கடையின் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள். மொத்தம் சுமார் 12 தடவை. நடுவில் கேட்ஸ் என்ற மூன்றாவது ஆள் வந்து பேசிவிட்டுப் போகிறார். கொள்ளையடிக்க நோட்டம் பார்க்கிறார்கள், துப்பாக்கியும் வைத்திருப்பார்கள் என்று மெக்ஃபேடனுக்குத் தோன்றுகிறது. பின்தொடர்ந்து போய், தான் போலீஸ் என்று சொல்லிப் பெயர் கேட்கிறார். ஏதோ முணுமுணுக்கிறார்கள். சட்டென்று டெர்ரியைப் பிடித்துத் திருப்பி, மேல்கோட்டுக்கு வெளியே தட்டுகிறார். இடது மார்புப் பையில் துப்பாக்கி தட்டுப்படுகிறது. சில்டனின் கோட்டிலும் ஒன்று இருக்கிறது.

கேட்ஸையும் தட்டிப் பார்த்தார், எதுவும் தட்டுப்படவில்லை. அதனால் அவருடைய கோட்டுக்குள் மெக்ஃபேடன் கையே விடவில்லை. உச்ச நீதிமன்றம் இதைத் தீர்ப்பில் குறித்து வைத்தது. என்னைக் கேட்டால், முழு வழக்கின் சாரமும் கேட்ஸின் கோட்டுக்கு வெளியே நின்றுவிட்ட அந்தக் கையில்தான் இருக்கிறது.

1968 ஜூன் 10 அன்று வந்த டெர்ரி எதிர் ஓஹையோ தீர்ப்பு, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் போலீசுக்குச் சாதகமாக முடிந்தது. அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தம், காரணமில்லாத சோதனையிலிருந்து மக்களைக் காக்கிறது. கைது செய்யப் போதிய முகாந்திரம் இல்லாவிட்டாலும், காவலரின் உயிரைக் காக்க ஆயுதத்தைத் தேடலாம் என்று நீதிமன்றம் அதில் ஒரு சின்னச் சந்து திறந்துவிட்டது. சந்து திறந்தது ஆயுதத்துக்காக மட்டும். ஆகவே காவலரின் கை ஒவ்வொரு முறை நகரும்போதும் அதற்கு ஆயுதம்தான் காரணமாக இருக்க வேண்டும்.

படி 1: இது பேச்சா, தடுப்பா?

காவலர் அருகில் வந்து பேச்சுக் கொடுப்பது மட்டும் தடுத்து நிறுத்துவது ஆகாது. யார் வேண்டுமானாலும் யாரிடமும் பேசலாம், நீங்கள் நடந்துபோய்க்கொண்டே இருக்கலாம். சாதாரண ஆள் ஒருவர் அந்த இடத்தில் இருந்தால் "நான் கிளம்ப முடியாது" என்று நினைப்பாரா என்பதே அளவுகோல். வழியை மறித்துக்கொண்டு நிற்பது, அடையாள அட்டையை வாங்கித் திருப்பித் தராமல் வைத்திருப்பது, நாலைந்து பேர் சுற்றி நிற்பது, இதெல்லாம் தடுப்பின் பக்கம் சாயும்.

குழப்பமாக இருந்தால் கேட்டுவிடுங்கள்: "ஆஃபிஸர், ஆம் ஐ ஃப்ரீ டு கோ?" போகலாம் என்றால் அமைதியாக நடந்துவிடுங்கள், ஓட வேண்டாம். குற்றம் அதிகம் நடக்கும் பகுதியில் போலீசைக் கண்டதும் ஓடியவரை நிறுத்தியது சரிதான் என்று 2000இல், இல்லினாய் எதிர் வார்ட்லோ வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. போகக் கூடாது என்று பதில் வந்தால் நீங்கள் தடுக்கப்பட்டிருக்கிறீர்கள். அப்போது அடுத்த கேள்வி வருகிறது.

படி 2: நிறுத்தக் காரணம் இருந்ததா?

குற்றம் நடந்திருக்கிறது, நடக்கிறது, அல்லது நடக்கப் போகிறது என்பதற்கு நியாயமான சந்தேகம் வேண்டும். "என் உள்மனம் சொன்னது" என்பது போதாது. எதைப் பார்த்தேன், எதைக் கேட்டேன் என்று காவலர் பின்னால் நீதிமன்றத்தில் வரிசையாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மெக்ஃபேடனுக்கு அந்த 12 நடை இருந்தது. 1979இல் முடிந்த பிரவுன் எதிர் டெக்சாஸ் வழக்கிலோ, எல் பாசோ நகரச் சந்து ஒன்றில் "ஆள் சந்தேகமாகத் தெரிந்தார், இந்தப் பக்கம் பார்த்ததில்லை" என்பதைத் தவிர வேறெதையும் காவலர்களால் சொல்ல முடியவில்லை. நிறுத்தியதே தவறு என்று தீர்ப்பானது.

பெயர் சொல்லாத தொலைபேசித் தகவலும் தனியாக நிற்காது. மயாமியில் கட்டம் போட்ட சட்டைக்காரப் பையன் ஒருவன் பஸ் ஸ்டாப்பில் துப்பாக்கியோடு நிற்கிறான் என்று யாரோ சொன்னார்கள். போலீஸ் போய்த் தட்டிப் பார்த்தது, துப்பாக்கியும் இருந்தது. ஆனாலும் சோதனை செல்லாது என்று 2000இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும் என்பதற்கு ஒரு பிடியும் இல்லையே! கிடைத்த பொருளை வைத்து, தேடிய காரணத்தைப் பின்னோக்கி நியாயப்படுத்த முடியாது.

சாலை விதியை மீறியதற்காக காரை நிறுத்தினால் இந்தப் படி அங்கேயே முடிந்துவிடும், மீறலே காரணம். இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்று நம்மைச் சிக்கலில் மாட்டிவிடும். ஊரில் போலீஸ் கைகாட்டினால் வண்டியை ஓரம்கட்டி, இறங்கி, காகிதங்களோடு நாமே அவரிடம் நடந்து போவோம். அமெரிக்காவில் அப்படிச் செய்தால், தன்னை நோக்கி வேகமாக வரும் ஆள் என்று நினைத்து அவர் கை துப்பாக்கி உறைக்குப் போகும். உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள், கைகள் ஸ்டியரிங்கின் மேல் தெரியட்டும். "இறங்குங்கள்" என்று அவர் சொன்னால் இறங்கத்தான் வேண்டும். ஓட்டுநருக்கு 1977இலும் கூட இருப்பவர்களுக்கு 1997இலும் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்துவிட்டது.

படி 3: ஆயுதத்துக்குத் தனிக் காரணம்

பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். நிறுத்த அனுமதி ஒன்று, தட்டிப் பார்க்க அனுமதி வேறொன்று. முதலாவது கிடைத்துவிட்டதால் இரண்டாவது கூடவே வந்துவிடாது. இவரிடம் ஆயுதம் இருக்கிறது, இவரால் ஆபத்து என்று நினைக்கத் தனியாக நியாயமான சந்தேகம் வேண்டும். ஜாக்கெட்டின் கீழே துருத்திக்கொண்டிருக்கும் வீக்கம், திரும்பத் திரும்ப இடுப்புக்குப் போகும் கை, ஆயுதக் கொள்ளையில் தேடப்படும் ஆளின் அடையாளம், இவையெல்லாம் காரணம் ஆகலாம். பதற்றமாக இருந்தார் என்பது மட்டும் பொதுவாகப் போதாது. போலீஸ் முன்னால் யாருக்குத்தான் பதற்றம் வராது?

கூட்டத்தில் இருந்தார் என்பதும் காரணம் ஆகாது. இல்லினாய் மாநிலத்தின் அரோரா ஊரில் ஒரு மதுக்கடையையும் அதன் பரிமாறுபவரையும் சோதிக்க வாரண்ட் வாங்கிக்கொண்டு வந்த போலீஸ், உள்ளே இருந்த வாடிக்கையாளர்களையெல்லாம் வரிசையாகத் தட்டிப் பார்த்தது. அவர்களில் ஒருவரான இபாராவிடம் சிகரெட் பெட்டியில் ஹெராயின் கிடைத்தது. 1979 தீர்ப்பில் அது செல்லாமல் போனது. வாரண்ட் கடைக்குத்தான், கடையில் உட்கார்ந்திருந்தவருக்கு இல்லை.

காரில் கூட வந்தவருக்கு ஒரு சின்னத் திருப்பம் உண்டு. அரிசோனா எதிர் ஜான்சன் வழக்கின்படி, கார் சட்டப்படி நிறுத்தப்பட்டிருந்தால், பயணி குற்றம் எதிலும் சந்தேகிக்கப்பட வேண்டியதில்லை. அவரிடம் ஆயுதம் இருக்கிறது, அவரால் ஆபத்து என்ற சந்தேகம் மட்டும் இருந்தால் தட்டிப் பார்க்கலாம். 2009இல் வந்த ஒருமனதான தீர்ப்பு இது.

துப்பாக்கி வைத்திருப்பதே சட்டப்படி சரி என்னும் மாநிலத்தில் துப்பாக்கி இருப்பதே ஆபத்து ஆகுமா? இதில் நீதிமன்றங்கள் பிரிந்து நிற்கின்றன. சட்டப்படி நிறுத்தப்பட்டவரிடம் துப்பாக்கி இருந்தால் ஆபத்தும் இருக்கிறது என்று கூட்டாட்சி நீதிமன்றங்களில் ஒன்றான நான்காவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் சொன்னது. நிறுத்தப்படாமல் சும்மா பேசிக்கொண்டிருப்பவரிடம் துப்பாக்கி இருப்பது மட்டும் தட்டிப் பார்க்கப் போதாது என்று அரிசோனா உச்ச நீதிமன்றம் 2014இலேயே சொல்லியிருந்தது.

இந்தத் தனிக் காரணத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் நகரம் சாட்சி. 2004 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அங்கே 44 லட்சம் தடவைக்கு மேல் ஆட்கள் நிறுத்தப்பட்டார்கள். அதில் 52 சதவீதம் தட்டிப் பார்த்தலில் முடிந்தது. தட்டிப் பார்த்ததில் ஆயுதம் கிடைத்தது 1.5 சதவீதம். நிறுத்தப்பட்டவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் கறுப்பினத்தவர்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும். நகரக் காவல் துறை இதை நடத்திய விதம் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 2013 ஆகஸ்டில் நீதிபதி ஷிரா ஷைன்ட்லின் தீர்ப்பளித்தார்.

படி 4: கை எங்கே போகலாம்?

உடைக்கு வெளியே, ஆயுதம் மறைத்து வைக்கக்கூடிய இடங்களில். அக்குள், இடுப்பு, முதுகின் கீழ்ப்பகுதி, தொடையின் உள்பக்கம், கணுக்கால் எல்லாம் இதில் வரும். சங்கடமான இடமும் வரும், அதற்காகவே அது சட்டமீறல் ஆகிவிடாது. கடினமாக, ஆயுதம் போல ஏதாவது தட்டுப்பட்டால் உள்ளே கை விட்டு அதை எடுக்கலாம்.

தட்டிப் பார்க்காமல் நேராகப் பைக்குள் கை போனால்? டெர்ரி தீர்ப்பு வந்த அதே நாளில் சிப்ரன் எதிர் நியூயார்க் தீர்ப்பும் வந்தது. "நான் எதைத் தேடுகிறேன் என்று உனக்குத் தெரியும்" என்று சொன்ன காவலர், சிப்ரன் பைக்குள் கை விட்ட அதே நொடியில் தானும் கை விட்டார். ஹெராயின் உறைகள் வந்தன. சோதனை செல்லாது என்றது நீதிமன்றம், ஏனென்றால் அவர் தேடியது போதைப்பொருளை. இதற்கு விதிவிலக்கு, ஆயுதம் இருக்கும் இடமே முன்கூட்டித் தெரிந்த நிலை. 1972இல் முடிந்த ஒரு வழக்கில், "இடுப்பில் துப்பாக்கி" என்று தெரிந்த ஆள் ஒருவர் தகவல் கொடுத்திருந்ததால் காவலர் நேராக இடுப்பில் கை வைத்ததை நீதிமன்றம் ஏற்றது.

இப்போது நுணுக்கமான இடம். 1989 நவம்பரில் மினியாபொலிஸில் டிக்கர்சன் என்பவரை நிறுத்தித் தட்டிப் பார்த்தார்கள். ஆயுதம் இல்லை. ஆனால் மெல்லிய நைலான் ஜாக்கெட்டின் பையில் ஏதோ ஒரு சின்னக் கட்டி. காவலர் விரலால் அதை அமுக்கினார், நகர்த்தினார், வழுக்கியது, செலோஃபேனில் சுற்றிய கிராக் கொக்கைன் என்று முடிவு செய்து வெளியே எடுத்தார். எடை ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. 1993இல் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. ஆயுதம் தேடும்போது, தொட்ட மாத்திரத்திலேயே சட்டவிரோதப் பொருள் என்று தெளிவாகத் தெரிந்தால் அதை எடுக்கலாம். ஆனால் ஆயுதம் இல்லை என்று தெரிந்த பிறகு அமுக்கியும் உருட்டியும் கண்டுபிடிப்பது வேறு சோதனை, அதற்கு அனுமதி இல்லை. டிக்கர்சன் ஜெயித்தார். ஆகவே அந்த நேரத்தில் கவனிக்க வேண்டியது காவலரின் விரலை. தட்டிவிட்டு நகர்ந்ததா, ஓரிடத்திலேயே நின்று பிசைந்ததா?

பெண்ணைப் பெண் காவலரே சோதிக்க வேண்டும் என்று கைதுக்குப் பிந்தைய சோதனைக்கு இந்தியச் சட்டத்தில் எழுதியே இருக்கிறது. அமெரிக்காவில் தெருவில் நடக்கும் சோதனைக்கு நாடு தழுவிய அப்படியொரு விதி கிடையாது. முடிந்தவரை அதே பாலினத்தவர் செய்ய வேண்டும் என்பது பல காவல் துறைகளின் உள்விதி மட்டுமே. பெண் காவலரை அழைக்க முடியுமா என்று தாராளமாகக் கேளுங்கள். அவர் வரும்வரை காத்திருப்பார்கள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

படி 5: "ஓகே"யை வாயில் போடாதீர்கள்

மேலே சொன்ன எல்லாப் பாதுகாப்பையும் ஒரே சொல்லில் இழக்கலாம். நீங்களே சம்மதித்துவிட்டால் காரணமே தேவையில்லை. மறுக்க உரிமை உண்டு என்று போலீஸ் உங்களிடம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை, இது 1973இலிருந்தே தீர்ந்துபோன விஷயம். ஆனால் நியூயார்க் நகரத்தில் 2018இல் நடைமுறைக்கு வந்த உள்ளூர்ச் சட்டம், சம்மதத்தின் பேரில் சோதிப்பதென்றால் மறுக்கலாம் என்பதையும் சொல்லச் சொல்கிறது.

நமக்கு இதில் தனித் தொல்லை. காது கொடுத்துக் கேட்கிறேன் என்பதற்குக்கூட "ஓகே, ஓகே", "சரி சார்" என்று சொல்வதும் தலையை ஒரு மாதிரி ஆட்டுவதும் நம் சுபாவம். "மைண்ட் இஃப் ஐ செக் யுவர் பாக்கெட்ஸ்?" என்ற கேள்விக்கு அந்தத் தலையாட்டல், காவலர் உடையில் மாட்டியிருக்கும் கேமராவான பாடிகேமில் சம்மதமாகவே பதிவாகும். தலையை அசைக்காமல், குரலை உயர்த்தாமல் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "ஐ டோன்ட் கன்சென்ட் டு எ சர்ச்." ஒரு தடவை போதும். சோதனை அதனால் நின்றுவிடாமல் போகலாம். ஆனால் பிறகு "அவர் சம்மதித்தார்" என்று சொல்ல வழியிருக்காது.

சொன்ன பிறகும் கை வந்தால் தடுக்காதீர்கள், தட்டிவிடாதீர்கள், உடம்பை முறுக்காதீர்கள். சோதனை சட்டவிரோதமாகவே இருந்தாலும், எதிர்த்தால் அது தனி வழக்காக வந்து நிற்கும். கழுத்தில் தொங்கும் பாஸ்போர்ட் பை, இடுப்பில் கட்டிய இன்சுலின் பம்ப் மாதிரி ஏதாவது இருந்தால் கையைக் கொண்டுபோகாமல் வாயால் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

பெயரைச் சொல்ல வேண்டுமா? நெவாடா போன்ற சில மாநிலங்களில், சட்டப்படி நிறுத்தப்பட்டவர் பெயர் சொல்லியாக வேண்டும். 2004இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. பொய்ப் பெயர் எங்கும் சொல்லாதீர்கள். குடியுரிமை இல்லாத, 18 வயது நிறைந்தவர்கள் பதிவு ஆவணத்தை, அதாவது கிரீன் கார்டு அல்லது ஐ-94 என்ற வருகைப் பதிவு போன்றதை, எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். எச்1பி வேலை விசாவில் இருக்கும் நண்பர்கள் பலர் இதை வீட்டு அலமாரியில் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள்!

படி 6: கார், ஃபோன்

ஆயுதச் சந்தேகம் இருந்தால் காருக்குள்ளும், ஆள் உட்காரும் பகுதியில் ஆயுதம் ஒளிக்கக்கூடிய இடங்களை மட்டும் பார்க்கலாம். இது 1983 தீர்ப்பு. வேகமாக ஓட்டியதற்கு வெறும் டிக்கெட், அதாவது அபராதச் சீட்டு, கொடுத்துவிட்டு முழுக் காரையும் குடைய முடியாது, இது 1998 தீர்ப்பு. டிக்கெட் வேலை முடிந்த பிறகு மோப்ப நாய்க்காக ஏழெட்டு நிமிடம் காக்க வைத்ததே தவறு என்று 2015இல் சொல்லியிருக்கிறார்கள்.

தட்டிப் பார்க்கும்போது தட்டுப்படும் ஃபோன் ஆயுதம் அல்ல. கைதே ஆனாலும் அதன் உள்ளடக்கத்தைப் பார்க்க, அவசர நிலை தவிர, வாரண்ட் வேண்டும் என்று 2014இல் ரைலி வழக்கில் ஒன்பது பேரும் ஒருமனதாகச் சொன்னார்கள். கேட்டார்களே என்று பாஸ்கோடைப் போட்டுக் கொடுக்காதீர்கள்.

படி 7: கைது என்றாகிவிட்டால்

ஆட்டம் மாறிவிடும். சட்டப்படியான கைதுக்குப் பிறகு உடல் முழுவதையும் பைகளையும் சோதிக்கத் தனிச் சந்தேகம் தேவையில்லை. 1973இல் முடிந்த ராபின்சன் வழக்கில், உரிமம் பறிக்கப்பட்ட பிறகும் வண்டி ஓட்டியதற்காகக் கைதானவரின் கசங்கிய சிகரெட் பெட்டியைத் திறந்து பார்த்ததுகூடச் செல்லும் என்றார்கள். சிறையில் மற்றவர்களோடு சேர்த்து அடைக்கும் முன் உடை களைந்து பார்ப்பதையும் 2012இல் ஐந்துக்கு நான்கு என்று ஏற்றார்கள். எனவே "நான் கைதா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வது வெறும் மரியாதைக் கேள்வி இல்லை. ஆம் என்றால் பெயர் விவரத்தோடு நிறுத்திக்கொண்டு வக்கீலைக் கேளுங்கள்.

விமான நிலையப் பாதுகாப்புச் சோதனைக்கும் எல்லைச் சோதனைக்கும் இந்தக் கட்டுரையில் சொன்னது பொருந்தாது. அவற்றின் சட்டம் வேறு.

படி 8: வீட்டுக்கு வந்த பிறகு

அன்று இரவே எழுதி வையுங்கள். நேரம், இடம், காவலரின் பேட்ஜ் எண், ரோந்து வண்டி எண், அவர் சொன்ன வார்த்தைகள், கை போன வரிசை. நிறுத்துவதற்கு முன் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும். படி 2க்கும் படி 3க்கும் அதுதான் அடிப்படை. பக்கத்துக் கடையின் கேமரா பதிவு சீக்கிரம் அழிந்துவிடும், மறுநாளே போய்க் கேளுங்கள். பாடிகேம் பதிவுக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள்.

உங்கள் மேல் வழக்குப் போட்டிருந்தால், கிடைத்த பொருளைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்று உங்கள் வக்கீல் மனுப்போடுவார். சட்டவிரோதச் சோதனையில் கிடைத்தது மாநில நீதிமன்றங்களிலும் செல்லாது என்பது 1961இல் மேப் வழக்கில் முடிவான விதி. ஓட்டைகள் உண்டு. 2016இல் முடிந்த ஒரு யூட்டா வழக்கில் நிறுத்தியதே தவறாக இருந்தும், இடையில் அந்த ஆள் பேரில் பழைய வாரண்ட் ஒன்று இருப்பது தெரியவந்ததால் சாட்சியம் தப்பித்துக்கொண்டது. உங்கள் மாநில அரசியல் சாசனம் கூடுதல் பாதுகாப்பு தருகிறதா என்றும் வக்கீலிடம் கேளுங்கள். நியூயார்க் மாநிலம் 1976 முதலே போலீஸ் அணுகுவதை நான்கு படிநிலையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணம் கேட்கிறது.

வழக்கு இல்லாமல் அனுப்பிவிட்டார்களா? காவல் துறையின் உள்விசாரணைப் பிரிவிலும், உங்கள் நகரத்தில் குடிமக்கள் மேற்பார்வைக் குழு இருந்தால் அங்கேயும் புகார் கொடுக்கலாம். கூட்டாட்சிச் சட்டத்தின் 1983ஆம் பிரிவின் கீழ் இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம். இதற்கான காலக்கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நகர நிர்வாகத்துக்கு முன்கூட்டியே அறிவிப்பு அனுப்ப வேண்டிய கெடு சில இடங்களில் சில மாதங்கள்தான், அதனால் வக்கீலைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று, அன்று போட்டிருந்த ஜாக்கெட்டைத் துவைக்காமல், யாருக்கும் கொடுக்காமல் ஒரு பையில் போட்டு வையுங்கள். தொட்டதுமே தெரிந்துவிட்டது என்று காவலர் சாட்சி சொன்னால், இந்தத் தடிமனான துணிக்கு மேலாகத் தொட்டு என்னதான் தெரியும் என்று உங்கள் வக்கீல் அதையே நீதிபதியின் முன்னால் எடுத்து வைப்பார்.